எழுபத்துமூன்றாம் நாளின் ஒலிப்பதிவு

எடப்பாடி,
ஆகஸ்ட் 6

அன்புத் தம்பி நதீமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அம்மா நலம். கால் வீக்கம் வற்றியிருக்கிறது. சேலம் வரை வந்தவன் வீட்டுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போகக் கூடாதா என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். ஃபிளைட்டுக்கு நேரமாகிவிட்டது என்று நீ சொன்னதையே நானும் சொன்னேன். "டெல்லிக்குப் போற வழியில எடப்பாடி இல்லைன்னு சொல்லு, ஒத்துக்கறேன்" என்றார்.

எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஆற்றில் அது நடந்த மறுநாள் போனில் நீதான் சொன்னாய்: "இதப் பத்தி மெசேஜ் எதுவும் போடாதக்கா. கம்பெனி போனு, எல்லாத்தையும் பாப்பாங்க." அதற்குப் பிறகு நீ போனை எடுக்கவே இல்லை. தபாலைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சண்முகவேலை ஞாயிற்றுக்கிழமை கண்டெடுத்தார்கள். கூத்தம்பாறைக்கு நாலு கிலோமீட்டர் கீழே, முள்ளில் சிக்கியிருந்தார். நீ அவரைப் பார்த்திருக்கிறாய். மே மாதம் டிஜிட்டல் ரேடியோப் பெட்டி கொடுத்த விழாவில் ஈரக்காலோடு மேடை ஏறி, "இதப் பரிசல்ல மாட்டிக்க முடியுங்களா?" என்று கேட்டாரே, அவர்தான். கூட்டம் சிரித்தது. நீயும் சிரித்தாய்.

அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் ஊரில் வரிசை மாறிக்கொண்டிருக்கிறது. ஜூலை 31, உங்கள் டிஜிட்டல் சோதனையின் எழுபத்துமூன்றாம் நாள். நாம் இருவரும் சேலம் ஓட்டலில் உன் கம்பெனி விருந்தாளிகளோடு ஒரே மேஜையில் இருந்தோம். மேட்டூரில் தண்ணீரைக் கூட்டித் திறக்கிறார்கள் என்று மதியம் இரண்டு ஐந்துக்கே நம் கரை வானொலிக்குத் தகவல் வந்துவிட்டது. நிலையப் பொறுப்பாளர் நான் சேலத்தில் இருந்ததால், அங்கே அறிவிப்பாளர் அன்புச்செல்வி மட்டும் இருந்தாள். மூன்று மணிக்குள் நான்கு முறை எச்சரிக்கை படித்தாள். கரையில் ஒலிபெருக்கி வண்டியும் போனது. நடு ஆற்றுத் திட்டில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மூன்று பேருக்கு அது கேட்கவில்லை. பாறையில் தண்ணீர் மோதும் சத்தத்தில் கேட்காது. அங்கே போன் சிக்னல் கிடையாது, எஃப்.எம். மட்டும் எடுக்கும். ஆறு வருடமாகப் பரிசல்காரர்கள் பட்டன் போனில் நம் வானொலியை வைத்துக்கொண்டுதான் திட்டுக்குப் போனார்கள். மே 20ஆம் தேதி உங்கள் சோதனைக்காக எஃப்.எம்.மை நிறுத்தினோம். பட்டன் போனில் டிஜிட்டல் எடுக்காது. நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு பேர் பாறையைப் பிடித்துத் தப்பினார்கள்.

இப்போது ஊரில் என்ன பேச்சு தெரியுமா? "அந்தப் புள்ள தூங்கிப்போட்டா." வானொலியை நடத்தும் அறக்கட்டளைத் தலைவர் காளியண்ணன் அதை முதலில் சொன்னார். உன் கம்பெனி ஆள் தலையை ஆட்டினார். ஒரே நாளில் ஊருக்கே அது உண்மையாகிவிட்டது. நான் சேலத்தில் இருந்தேன், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கே இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்குச் சாட்சி கிடையாது.

சாட்சி உன்னிடம் இருக்கிறது. ஸ்டூடியோவிலிருந்து போகும் ஒலி முழுவதும் நொய்டாவில் உங்கள் கணினியில் சேருகிறது என்று நீதான் பெருமையாகச் சொன்னாய். இங்கே இருந்த பதிவுக் கணினியை உங்கள் ஆட்கள் மே மாதமே எடுத்துப் போய்விட்டார்கள். அன்று மதியம் இரண்டிலிருந்து மூன்று வரையிலான பதிவை அனுப்பு. ஒரு மணி நேர ஒலி. அது போதும் அவளுக்கு.

சரியாகச் சாப்பிடு.

உன் அன்பு அக்கா,
அர்ஃபா


நொய்டா,
ஆகஸ்ட் 12

அன்பு அக்காவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன், படித்து முடிக்கும்வரை.

சண்முகவேல் இறந்தது எனக்கும் வருத்தம்தான். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் நான் கல்லென்று நினைக்கிறாய். நான் சிரித்தேன் என்று குத்திக்காட்டத் தேவையில்லை. அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நீயும்.

நிலைமையைச் சொல்கிறேன். செப்டம்பர் 15 தில்லியில் பெரிய கூட்டம். நாட்டில் வானொலி டிஜிட்டலுக்குப் போவதா, எந்த முறையில், எஃப்.எம்.மை எத்தனை வருடத்தில் நிறுத்துவது என்று வாதம் நடக்கிறது. பெரிய கம்பெனிகள் நகரங்களைக் காட்டும். எங்கள் அலைவரி நிறுவனம் சின்னது. நாங்கள் காட்டப்போவது கூத்தம்பாறை ஒன்றைத்தான். ஒரு கிராமம் முழுசாக மாறியது என்று.

டிஜிட்டல் கெட்டது இல்லை அக்கா. பாதிக் கரண்டில் ஓடுகிறது. ஒரே அலைவரிசையில் மூன்று நிகழ்ச்சி போகலாம். பிள்ளைகளுக்குப் பாடத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்று நீயே ஆசைப்பட்டாய். ஆபத்து வந்தால் அணைந்து கிடக்கும் பெட்டி தானே விழித்துப் பேசும். எஃப்.எம்.மில் அது உண்டா? கூத்தம்பாறையில் இருநூறு வீடு. இருநூறு பெட்டியும் வீட்டில் நல்ல நிலையில் இருப்பதாக உன் கையெழுத்தோடு அறிக்கை இருக்கிறது. அப்படியும் யாருக்கும் கேட்கவில்லை என்றால், படிக்கவே இல்லை என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறார்கள்.

அன்றைய பதிவு கணினியில் சரியாக ஏறவில்லை என்று கம்பெனி எழுத்தில் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் நான் பேச முடியாது.

ஒரு வழி இருக்கிறது. கவனக்குறைவு என்று மெமோ கொடுத்தால் அன்புச்செல்வி வாங்கிக்கொள்ளட்டும். கேஸ் ஆகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதம் கழித்துப் பெங்களூரில் எங்கள் அலுவலகத்தில் நானே அவளுக்கு வேலை வாங்கித் தருகிறேன். ஊரை விட்டு வெளியே வந்தால் அவளுக்கும் நல்லதுதானே?

அம்மாவிடம் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

உன் தம்பி,
நதீம்


எடப்பாடி,
ஆகஸ்ட் 18

அன்புள்ள நதீமுக்கு,

கிழிக்கவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள் கூத்தம்பாறைக்குப் போய் இருநூறு வீட்டையும் மறுபடி பார்த்தேன். மூன்று நாள் ஆனது. முதலில் சண்முகவேல் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அனிதா என்னை உட்காரச் சொல்லவில்லை. "ரேடியோப் பெட்டி எங்கம்மா?" என்று கேட்டேன். பீரோவைத் திறந்தாள். சேலைக்கு அடியில், அட்டைப்பெட்டியில், உங்கள் கம்பெனி ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல் இருந்தது.

"ஏம்மா பிரிக்கவே இல்லை?"

"பிரிச்சா பழசாப் போயிருமுங்க. புள்ளைக்குச் சீர் வெக்கறப்ப ஒரு சாமான் ஆச்சுன்னு அவருதான் எடுத்து வெக்கச் சொன்னாரு. நீங்ககூட வந்து பாத்து, பத்திரமா வெச்சிருக்கறயேன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

சொன்னேன். ஜூன் மாதம் படிவத்தோடு போனபோது அதே பீரோவைத் திறந்து காட்டினாள். உங்கள் படிவத்தில் ஐந்து கேள்வி. பெட்டி வீட்டில் இருக்கிறதா? உடைந்திருக்கிறதா? விற்றுவிட்டார்களா? பாதுகாப்பாக வைத்திருக்கிறார்களா? குடும்பத்துக்குத் திருப்தியா? ரேடியோ கேட்கிறீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. இருந்த கேள்விக்கெல்லாம் உண்மையான பதிலைத்தான் டிக் அடித்தேன். நம் பக்கத்தில் இலவசமாக ஒரு நல்ல சாமான் வந்தால் எத்தனை பேர் உடனே பிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? அம்மா நம் வீட்டில் எத்தனை டின்னர் செட்டை அப்படி வைத்திருந்தார்? தெரிந்தும் டிக் அடித்தேன். மூன்று அலைவரிசை வரும் என்ற ஆசை. தம்பியின் கம்பெனி என்ற பெருமை. இரண்டும்தான்.

இருநூறில் பிரித்தது பதினொன்று. அதில் வேலை செய்வது நாலு. மூன்றில் பையன்கள் பென் டிரைவ் சொருகிக் குத்துப்பாட்டுக் கேட்கிறார்கள். நாலாவது காளியண்ணன் வீட்டு ஷோகேஸில், பிளாஸ்டிக் ரோஜாப்பூவுக்குப் பக்கத்தில்.

சண்முகவேல் அன்று காதில் போனை மாட்டிக்கொண்டுதான் திட்டுக்குப் போனாராம். "உங்க ஸ்டேசன் கரகரன்னுதான் இருந்துச்சுன்னு சினிமாப் பாட்டு ஸ்டேசனுக்கு மாத்திக்கிட்டாருங்க" என்றாள். தண்ணீர் வரும்போது அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், நதீம்.

உன் "ஒரு வழி"யைப் படித்து எனக்கு உடம்பு எரிந்தது. செய்யாத தப்பை ஒத்துக்கொண்டால் பெங்களூரில் நாற்காலி. ஏன், காளியண்ணன் பெண்ணாக இருந்தால் இந்த வழியை எழுதியிருப்பாயா? அவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்: "காலனிப் புள்ளைய மைக்குக்கு முன்னால உக்கார வெக்காதீங்கன்னு அப்பவே தலப்பாடா அடிச்சுக்கிட்டனுங்கம்மா. கேட்டீங்களா?" ஆறு வருடமாக அவர் தறிக்கூடத்து விளம்பரத்தை அந்தப் பெண்தான் படிக்கிறாள். அப்போது குரலில் காலனி தெரியவில்லை.

அவளை இரண்டு முறை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு நாள் முழுக்க உட்கார வைத்திருக்கிறார்கள். அவள் அப்பாவை டீக்கடையில் ஒருத்தன், "உம்புள்ள தூங்கி எந்திரிச்சாளா?" என்று கேட்டிருக்கிறான். மனுஷன் அதற்குப் பிறகு வெளியே வருவதில்லை.

பதிவு ஏறவில்லை என்பது பொய். உனக்கும் தெரியும். அனுப்பு.

அக்கா,
அர்ஃபா


நொய்டா,
ஆகஸ்ட் 24

அக்கா,

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் நின்று படித்தேன். அந்த நிலைமையில் இருக்கிறேன்.

எல்லாப் பழியும் எங்கள் மேல். படிவம் எங்களுடையது, சரி. டிக் யாருடையது? இருநூறு வீட்டிலும் பீரோவைப் பார்த்துவிட்டு வந்து, "மக்கள் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டுள்ளனர்" என்று கடைசிப் பக்கத்தில் எழுதியது யார்? உன் தமிழ் அது. அதை ஆங்கிலத்தில் மாற்றிப் பத்து இடத்தில் காட்டியிருக்கிறேன். என் மேலதிகாரி என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார். இந்த அலுவலகத்தில் ஐந்து வருடமாக நான் "அந்த மதராஸி பையன்". இரண்டு வாடகை வீட்டில் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள், உனக்குச் சொன்னதில்லை. கூத்தம்பாறைக்குப் பிறகுதான் என்னை நதீம் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நீ காலனி, காளியண்ணன் என்று எனக்குப் பாடம் எடுக்காதே. அவமானம் என்றால் என்னவென்று எனக்கும் தெரியும்.

நீயும் அப்பாவி இல்லை. அன்புச்செல்விக்காக இவ்வளவு கோபப்படுகிறாய். நல்லது. அவளிடம் நீ தனியாகப் பேசினாயா? அவள் உன்னிடம் ஏதாவது கேட்டாளா? அதை ஏன் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை?

பதிவைக் கேட்காதே என்று சொல்கிறேன். வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. காரணத்தை எழுத்தில் எழுத மாட்டேன். உனக்கு நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள். மெமோவை வாங்கிக்கொள்ளச் சொல். அதோடு முடியட்டும்.

நதீம்


எடப்பாடி,
ஆகஸ்ட் 30

நதீமுக்கு,

மெமோ கொடுத்தார்கள். அன்புச்செல்வி வாங்கவில்லை. "நான் தூங்கலைங்க, வாங்க மாட்டேன்" என்று நாலு பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு நடந்துவிட்டாள். அன்று மாலையே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். செப்டம்பர் 9 வருவாய்க் கோட்ட ஆர்.டி.ஓ. விசாரணை. அதில் அவள் கடமையைச் செய்யவில்லை என்று முடிவானால் அடுத்தது வழக்கு. அவளுக்கு இருபத்துநாலு வயது.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், அவளிடம் தனியாகப் பேசவில்லை. வேலை இருந்தது.

எனக்கு நல்லது எது, கெட்டது எது என்று நொய்டாவில் இருந்து நீ சொல்ல வேண்டாம். அவள் நான்கு முறை படித்தாள் என்பது ஒன்றுதான் எனக்கு வேண்டும். ஒன்பதாம் தேதிக்குள் பதிவு வரவில்லை என்றால் எனக்குத் தம்பி இல்லை. அம்மாவிடம் காரணத்தோடு சொல்லிவிடுவேன்.

அர்ஃபா


நொய்டா,
செப்டம்பர் 3

அக்கா,

பதிவு இத்துடன் இருக்கிறது. இரண்டு பென் டிரைவ். என் வேலை போனால் போகட்டும். எடுத்ததை எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வெள்ளை நிறத்தில் இருப்பது நான் வெட்டியது. நான்கு அறிவிப்பும் நேரத்தோடு இருக்கும். இரண்டு பத்து, இரண்டு இருபது, இரண்டு முப்பத்திரண்டு, இரண்டு ஐம்பது. தெளிவான குரல். அவள் தூங்கவில்லை என்று அதைக் கேட்ட யாரும் சொல்வார்கள்.

கறுப்பில் இருப்பது முழுசு. அதைக் கேட்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

இரண்டாம் அறிவிப்பு முடிந்ததும் அவள் பாட்டுப் போடவில்லை. மைக்கை அணைக்கவும் மறந்துவிட்டாள். செல்போனில் பேசுகிறாள். மறுமுனையில் பேசுவது கேட்காது. அவள் பேசுவது மட்டும் கேட்கும். எழுதுகிறேன்:

"அக்கா, திட்டுல மூணு பேரு இருக்காங்களாம். அவிங்களுக்கு டிஜிட்டல் எடுக்காதுங்களே. எஃப்.எம்.மப் போட்டுடட்டுங்களா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

"அஞ்சே நிமிசமுங்க்கா. படிச்சுப்போட்டு உடனே நிறுத்திப்புடறேன்."

மறுபடி ஒன்றும் இல்லை.

"சாரு பக்கத்துலதான இருக்காரு? ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கக்கா."

இந்த இடத்தில் பதினாறு விநாடி. பதினாறு விநாடியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ போனை மூடிக்கொண்டு என்னிடம் குனிந்தாய். "எஃப்.எம். போடலாமான்னு கேக்கறா" என்றாய். எதிரே மூன்று விருந்தாளிகள். எழுபத்துமூன்று நாள் இடைவெளியில்லாமல் டிஜிட்டல் மட்டும் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். ஐந்து நிமிடம் போட்டால் சோதனை முறிந்துவிடும். "வேண்டாம்னு சொல்லு, கரையில வண்டி போகும்ல" என்றேன். தண்ணீர் கிளாஸை எடுத்துக்கொண்டே சொன்னேன்.

"சரிங்க்கா. போடலைங்க" என்கிறாள். பிறகு நாற்காலி நகரும் சத்தம். இரண்டு முப்பத்திரண்டுக்கு மூன்றாம் முறை படிக்கும்போது அவள் குரல் வேறு மாதிரி இருக்கிறது. யாருக்கும் கேட்காது என்று தெரிந்து படிக்கிறவளின் குரல்.

"சேலத்தில் இருந்தேன், ஒன்றும் செய்ய முடியவில்லை" என்று நீ எழுதினாய். நானும் அதற்குப் பதில் எழுதவில்லை. நம் இரண்டு பேருக்கும் தெரிந்ததை ஐந்து கடிதத்தில் யாரும் எழுதவில்லை பார்த்தாயா?

இன்னொன்று. மைக் திறந்திருந்ததால் அந்தப் பேச்சு முழுக்க டிஜிட்டலில் ஒலிபரப்பாகியிருக்கிறது. ஊர் முழுக்கப் போயிருக்கிறது. ஒருத்தர்கூட இதுவரை உன்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை அல்லவா? சோதனையின் முடிவு அதுதான். பதினைந்தாம் தேதி அதை யாரும் சொல்லப் போவதில்லை.

எந்த டிரைவைக் கொடுப்பது என்று நான் சொல்ல மாட்டேன். வெள்ளையைக் கொடுத்தால் அவளும் பிழைப்பாள், நீயும் பிழைப்பாய் என்று நினைக்கிறேன்.

நதீம்


எடப்பாடி,
செப்டம்பர் 10

நதீமுக்கு,

வெள்ளையைத்தான் எடுத்துப் போனேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கறுப்பைத் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அனிதாவைச் சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

அறை சின்னது. ஆர்.டி.ஓ., காளியண்ணன், உன் கம்பெனி வக்கீல், அனிதா, பிறகு அன்புச்செல்வியும் அவள் அப்பாவும். அப்பா நாற்காலி இருந்தும் சுவரோரமாக நின்றார். பதிவைப் போட்டார்கள். "கரையோர மக்கள், திட்டில் இருப்பவர்கள் கவனத்திற்கு" என்று அவள் குரல் வந்ததும் அனிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான்கு முறையும் ஓடி முடிந்தது. ஆர்.டி.ஓ. நிமிர்ந்து, "இந்தப் பொண்ணு தூங்கலையே, படிச்சிருக்கே?" என்றார். எனக்கு மூச்சு வந்தது.

காளியண்ணனுக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. "அப்ப எஃப்.எம்.ம ஏனுங்க போடல? சுச்சு இவ கைக்கெட்டற தூரத்துலதான இருக்குது? திட்டுல ஆளு இருக்கறது தெரிஞ்சிருக்குதுல்ல?" என்றார். வக்கீல் உடனே எழுதிக்கொண்டார். ஆர்.டி.ஓ. அவளைப் பார்த்து, "ஏம்மா போடல?" என்று கேட்டார்.

அன்புச்செல்வி என்னைப் பார்த்தாள். திரும்பி நன்றாகவே பார்த்தாள். நான் மேஜையில் இருந்த பென் டிரைவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவள் குனிந்து, "தோணலைங்க சார்" என்றாள்.

அவர் அதை எழுத ஆரம்பித்தார். பேனா ஓடும் சத்தம் கேட்டது. அவள் அப்பா, "சாமி, என்ன சாமி சொல்ற?" என்றார், அவளிடம், மெதுவாக.

அப்போதுதான் எழுந்தேன். நல்ல எண்ணத்தில் எழுந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். "அவளுக்குத் தோணுச்சு சார். எனக்குப் போன் பண்ணிக் கேட்டா. நான்தான் போடாதேன்னு சொன்னேன்" என்றேன். முழுப் பதிவும் வீட்டில் இருக்கிறது என்றேன். படிவத்தில் நான் அடித்த டிக்கையும் சொன்னேன். "யாரைக் கேட்டு முடிவெடுத்தீங்க?" என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். ஓட்டல் பெயர், மேஜையில் யார் யார் இருந்தார்கள், எல்லாம் சொன்னேன். வக்கீல் ஏதோ ஆட்சேபித்தார். ஆர்.டி.ஓ. கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு ஆளை என்னோடு வீட்டுக்கு அனுப்பிக் கறுப்பை வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது வராந்தாவில் அனிதா என் முன்னால் வந்து நின்றாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "ஒரு சுச்சுதாங்களா?" என்று கேட்டாள். புரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல மறுபடியும் கேட்டாள். "ஒரே ஒரு சுச்சுதாங்களா?" ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே போனாள்.

வாசலில் அன்புச்செல்வி பஸ்ஸுக்கு நின்றாள். தனியாகப் பேசினாயா என்று நீ கேட்டாயே, அப்போதுதான் பேசினேன். "ஏன்டி நீயே சொல்லல?"

"நான் சொன்னா எடுபடுமுங்களா? தப்புப் பண்ணிப்போட்டு மேடம் மேல பழியப் போடறா பாரு காலனிக்காரின்னுதான் எழுதுவாங்க. எங்கப்பன் டீக்கடைக்குப் போயி நாப்பது நாளாச்சு. போலீஸ் ஸ்டேசன்ல ஒரு நாள் பூரா பெஞ்சுல உக்காந்திருந்தேன், தண்ணிகூடக் குடுக்கல. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு வாசலையே பாத்துட்டு இருந்தனுங்க." நிறுத்தினாள். "இப்பக்கூட எம்மேல எழுதி முடிக்கற வரைக்கும் பாத்துட்டுத்தான இருந்தீங்க?"

திரும்ப வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்றேன். "கூப்புட்டா வாரேன். ஆனா நீங்க இருக்கற வரைக்கும் வரலைங்க மேடம்" என்றாள். ஆறு வருடமாக என்னை அக்கா என்றவள். பஸ் வந்தது, அப்பாவைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று மாலையே சோதனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. எஃப்.எம்.மை நான்தான் போட்டேன். போடுவதற்கு நாலு விநாடி ஆனது. பிறகு என் ராஜினாமாவை எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். வழக்கு இனி என் மேல் வரும். வரட்டும்.

உனக்குச் சம்மன் வரும். வக்கீல் சொல்லிக் கொடுப்பதைச் சொல்லாதே. பதினைந்தாம் தேதிக் கூட்டத்துக்கு உன்னை உள்ளே விட்டால் அங்கேயும் சொல். விடாவிட்டால் வெளியே நின்று சொல். நீ மறுத்தால் நான் சொன்னது பாதிதான் நிற்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன், சமாதானத்துக்காக இல்லை. கோபம் இன்னும் இருக்கிறது. யார் மேல் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

அம்மாவிடம் இன்று காலை எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், "ரெண்டு பேருமா?" என்று ஒரு வார்த்தை கேட்டார்.

ஆமாம்மா, ரெண்டு பேரும்தான் என்றேன்.

அர்ஃபா